மேட்சுக்கு முன்னாடி ஒரு பாட்டில்... பிசினஸ் ரெடியா பாஸ்?

இன்டர்-காலேஜ் கபடி நடக்குற எந்த கிரவுண்டுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. விசில் அடிக்க அரை மணி நேரம் இருக்கும்போது பிளேயர்ஸ் கையில என்ன இருக்குன்னு கவனிங்க. ஒருத்தர் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரிச்சு நேரா நாக்குல கொட்டிட்டு இருப்பார். ஒருத்தருக்கு வாழைப்பழம், இன்னொருத்தருக்கு பெட்டிக்கடை டீ. சீனியர் கையில மட்டும் பளபளன்னு ஒரு எனர்ஜி டிரிங்க். "அடிச்சுப் பாருடா, சும்மா ஜிவ்வுனு ஏறும்"னு ஜூனியருக்கும் ஒரு மடக்கு கிடைக்கும்.

இதைப் பார்த்ததும் நம்மாளுக்கு மண்டைக்குள்ள பல்பு எரியும். 'இதையே நாம தயாரிச்சு வித்தா என்ன?' அன்னிக்கு ராத்திரியே ஹாஸ்டல் ரூம்ல கம்பெனி ஆரம்பம். பேரு ரெடி, லோகோ ரெடி, சீறிப் பாயுற சிறுத்தை படம் ரெடி. பிசினஸ் பிளான் போட்டியில பவர்பாயின்ட் ஸ்லைடுகள் பறக்கும். கடைசி ஸ்லைடு முடிஞ்சதும் ஜட்ஜ் மெதுவா ஒரு கேள்வி கேப்பார்: "எல்லாம் சரிப்பா, இது விளையாடுறவனோட எந்தப் பிரச்னையைத் தீர்க்குது?" அவ்ளோதான். சிறுத்தை படுத்துடும்!

அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடிஞ்சவங்க எப்படி ஜெயிச்சாங்க, நம்ம ஊர்ல இந்த ஐடியாவைக் கையில எடுத்தா எங்கெல்லாம் வழுக்கும்னு ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், வாங்க.

பாத்ரூம் போகாத பிளேயர்ஸ்!

வருஷம் 1965. அமெரிக்காவுல இருக்கிற ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். அவங்க ஃபுட்பால் டீமோட செல்லப் பேரு 'கேட்டர்ஸ்', அதாவது முதலைகள். வெயில் நம்ம வேலூர் ரேஞ்சுல கொளுத்துற ஊர். அந்த டீமோட உதவிக் கோச் டுவெய்ன் டக்ளஸுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மேட்ச் ஆடுற பசங்க ஏன் ஒண்ணுக்குப் போறதே இல்ல? அதே பல்கலைக்கழகத்துல கிட்னி ஸ்பெஷலிஸ்ட்டா இருந்த டாக்டர் ராபர்ட் கேட் கிட்ட இதைக் கேட்டார்.

சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். ஆனா கேடும் அவரோட ஆராய்ச்சிக் குழுவும் கேள்வியை சீரியஸா எடுத்துக்கிட்டாங்க. மெயின் டீம் மேல கை வைக்க ஹெட் கோச் ரே கிரேவ்ஸ் சம்மதிக்கல, முதலாமாண்டு பசங்களைக் கொடுத்தார். (எந்த ஊரா இருந்தாலும் சோதனை எலி ஃபர்ஸ்ட் இயர்தான் போல!) வியர்வையையும் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தா மேட்டர் புரிஞ்சுது. உடம்புல இருந்த தண்ணியும் உப்பும் வியர்வையாப் போயிருக்கு. ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சிருக்கு, ரத்தத்தோட மொத்த அளவே குறைஞ்சிருக்கு. கிட்னிக்கு வெளியேத்த மிச்சம் எதுவும் இல்ல!

தீர்வு, தண்ணியில உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கிறது. முதல் கலவை வாயில வைக்க முடியாத அளவுக்கு மோசம். எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கன்னு யோசனை சொன்னது கேடோட மனைவி மேரி. 1965 அக்டோபர் 2-ல பலமான எல்.எஸ்.யு. டீமோட மேட்ச். கொளுத்துற வெயில்ல எதிரணி கடைசியில துவண்டு போக, ஃப்ளோரிடா 14-7னு ஜெயிச்சுது. 1967 ஜனவரியில ஆரஞ்ச் பவுல் கோப்பையும் 27-12 கணக்குல கைக்கு வந்துது. அந்த முதலைகளோட பேர்லதான் அந்த பானம் 'கேட்டரேட்' ஆச்சு. 1967-ல ஸ்டோக்லி வேன் கேம்ப் கம்பெனி உரிமை வாங்கிச்சு, 1983-ல குவேக்கர் ஓட்ஸ், 2001-ல பெப்சிகோன்னு கை மாறிச்சு.

இதுல நம்ம பசங்களுக்கு ஒரு உபரிப் பாடமும் இருக்கு. காசு கொட்ட ஆரம்பிச்சதும் "எங்க லேப்ல, எங்க சம்பளத்துல கண்டுபிடிச்சது, பங்கு எங்கே?"னு பல்கலைக்கழகம் கோர்ட்டுக்குப் போச்சு. கடைசியில சமரசம், ராயல்டியில 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்கு. அதனால காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல பீக்கரை எடுக்குறதுக்கு முன்னாடியே, 'கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?'னு ஹெச்.ஓ.டி. கிட்ட எழுத்துல வாங்கிடுங்க. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்தா உங்களுக்குள்ளேயும் அதே மாதிரி ஒரு பேப்பர் போட்டுக்கோங்க.

'ஜிவ்வு'க்குள்ள என்ன இருக்கு?

கேட்டரேட் பிரச்னையில இருந்து பொறந்துது. ரெட் புல் கதை வேற ரூட்டு. தாய்லாந்துல லாரி டிரைவர்களும் கூலித் தொழிலாளிகளும் தூக்கத்தை விரட்டக் குடிச்ச பானம் 'க்ராட்டிங் டேங்'. டூத் பேஸ்ட் கம்பெனி மார்க்கெட்டிங் ஆளான ஆஸ்திரியாக்காரர் டீட்ரிக் மேட்டஷிட்ஸ், வேலை விஷயமா அங்கே போனப்ப அதைக் குடிச்சுப் பார்த்தார். அதைத் தயாரிச்ச சலியோ யூவித்யாவோட 1984-ல கூட்டு சேர்ந்தார். ஆளுக்கு 5 லட்சம் டாலர் முதலீடு. 1987 ஏப்ரல் 1-ல ஆஸ்திரியாவுல கடைக்கு வந்துது. முட்டாள்கள் தினம்தான், ஆனா ஆள் முட்டாள் இல்ல! பானத்தை ராவ்ஷ்ங்கிற ஜூஸ் கம்பெனி தயாரிச்சு கேன்ல அடைச்சுக் கொடுக்க, இவங்க விளம்பரத்துலயும் விளையாட்டுப் போட்டிகள்லயும் காசைக் கொட்டினாங்க.

ரெண்டும் பாட்டில்தான், ரெண்டும் பிளேயர் கையிலதான் இருக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. கேட்டரேட் மாதிரி ஸ்போர்ட்ஸ் டிரிங்க், வியர்வையில போன தண்ணி, உப்பு, சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்குது. எனர்ஜி டிரிங்கோட ஹீரோ காஃபின். அது புது சக்தி எதையும் கொடுக்கல, 'களைப்பா இருக்கு'ன்னு மூளைக்குப் போற சிக்னலைத் தடுக்குது. பெட்ரோல் போடாம, பெட்ரோல் முள்ளை மட்டும் மறைச்சு வைக்கிற மாதிரி!

'மேட்சுக்கு முன்னாடி'ங்கிற கான்செப்ட்டும் புதுசு இல்ல. 2010-லேயே கேட்டரேட், ஜி சீரீஸ்ங்கிற பேர்ல விளையாட்டுக்கு முன்னாடி, நடுவுல, அப்புறம்னு மூணு அயிட்டம் விட்டுச்சு. முன்னாடி குடிக்கிறதுக்கு ஒரு குட்டி பவுச், அதுல முக்கியச் சரக்கு கார்போஹைட்ரேட். ஸோ, 'இந்த ஐடியா உலகத்துலேயே எனக்கு மட்டும்தான் தோணிச்சு'ங்கிற ஸ்லைடை இப்பவே டெலிட் பண்ணிடுங்க.

கால்குலேட்டரை எடுங்க

காஃபின் விளையாட்டுக்கு உதவுமா? உதவும். ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்ற அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 3 முதல் 6 மில்லிகிராம், ஆட்டத்துக்கு சுமார் ஒரு மணி நேரம் முன்னாடி. 60 கிலோ பிளேயர்னா குறைஞ்சபட்சம் 180 மில்லிகிராம்.

இப்ப நம்ம நாட்டுச் சட்டம். காஃபின் கலந்த பானத்துல லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாம, 300-க்கு மேல போகாம இருக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி வெச்சிருக்கு. அப்படின்னா 250 மி.லி. பாட்டில்ல அதிகபட்சம் 75 மில்லிகிராம்தான். 180 வரணும்னா 600 மி.லி. குடிக்கணும். ஆனா ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல வேண்டாம்னு லேபிள்லயே எச்சரிக்கை போடணும்! குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், காஃபின் ஒத்துக்காதவங்க குடிக்க வேண்டாம்னும் எழுதணும்.

கணக்கு இன்னும் முடியல. 100 மி.லி.க்கு 11 கிராம் சர்க்கரை இருக்கிற பானம்னு வெச்சா 600 மி.லி.யில 66 கிராம் சர்க்கரை உள்ளே போகும். இவ்வளவு கெட்டியான சர்க்கரைத் தண்ணி வயித்தைவிட்டு இறங்கவே நேரம் எடுக்கும். 6 முதல் 8 சதவீதம்தான் சௌகரியமான ரேஞ்ச். ரெய்டு போற நேரத்துல வயிறு 'களக் களக்'னு சத்தம் போட்டா எதிர் டீமுக்குத்தான் சிரிப்பு. இன்னொண்ணு, காஃபின் பாதியாக் குறையவே உடம்புக்கு சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணி மேட்சுக்கு ஏத்தினா ராத்திரி பதினொரு மணிக்கும் பாதி உள்ளேயே உக்கார்ந்திருக்கும். மறுநாள் செமி ஃபைனல் இருந்தா தூக்கம் காலி, ஆட்டமும் காலி.

ஆக, அந்த சீனியர் கொடுத்த ஒரு மடக்குல அறிவியலோட முழு டோஸ் கிடையாது. சர்க்கரை கொஞ்சம், நம்பிக்கை நிறைய. விக்கலாம்தான். ஆனா பெரிய கம்பெனிகள் கோடிக் கணக்குல விளம்பரம் பண்ணி விக்கிற அதே 'ஜிவ்வை' நீங்க எதை வெச்சு அவங்களைவிட நல்லா விக்கப் போறீங்க?

அப்ப உண்மையான பிரச்னை எது?

நம்ம கிரவுண்டுக்கே வருவோம். கபடி, பாக்ஸிங், மல்யுத்தம் மாதிரி எடை பார்த்து ஆடுற விளையாட்டுகள்ல வரம்புக்குள்ள வரணும்னு முந்தின நாள்ல இருந்தே தண்ணியைக் குறைக்கிறவங்க உண்டு. மத்த விளையாட்டுலயும் காலையில டிபன் சாப்பிடாம பஸ்ஸைப் பிடிச்சு, மதியம் பன்னிரண்டு மணி வெயில்ல ஆடுறது சகஜம். அதாவது விசில் அடிக்கும்போதே பல பேர் பாதி காஞ்சு போய்த்தான் நிக்கிறாங்க. மேட்சுக்கு முன்னாடி ஒரு பானத்துக்கு நம்ம ஊர்ல உண்மையான வேலை இதுதான்.

இதுக்கும் அளவு இருக்கு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-ல சொன்ன வழிமுறை: ஆட்டத்துக்கு குறைஞ்சது நாலு மணி நேரம் முன்னாடி, கிலோவுக்கு 5 முதல் 7 மி.லி. மெதுவாக் குடிக்கணும். 60 கிலோ ஆளுக்கு 300 முதல் 420 மி.லி. ரெண்டு மணி நேரம் முன்னாடியும் சிறுநீர் கடும் மஞ்சளா இருந்தா இன்னும் கொஞ்சம். இதைப் படிச்சதும் பிசினஸ் மூளை முழிச்சுக்கணுமே! உங்க கஸ்டமர் கிரவுண்டு கேட்ல இல்ல பாஸ். நாலு மணி நேரம் முன்னாடி அவர் ஹாஸ்டல் மெஸ்லயும் டீம் பஸ்லயும் இருக்கார். கடையும் அங்கேதான் போடணும்.

உப்பும் சர்க்கரையும் ஏன் ஜோடியா வரணும்? சிறுகுடல் சுவர்ல சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கிற கதவு ஒண்ணு இருக்கு. ரெண்டும் கை கோர்த்து வந்தா கதவு திறக்கும், பின்னாலேயே தண்ணியும் வந்துடும். 1960-ல ராபர்ட் கிரேன் இந்த விளக்கத்தைச் சொன்னார். 1971 வங்கதேசப் போர்ல பனகாவ் அகதி முகாம்ல காலரா பரவினப்ப, கொல்கத்தா டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாத்தினதும் இதே கதவு வழியாத்தான். அவருக்கு 2023-ல, மறைவுக்குப் பிறகு, பத்ம விபூஷண் கிடைச்சுது.

பெட்டிக்குள்ள ஒரு லேப்!

தேவை: கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி 1 லிட்டர், சர்க்கரை 60 கிராம், உப்பு 1.5 கிராம் (கால் டீஸ்பூன்), ஒரு எலுமிச்சம்பழம்.

கணக்கு: சர்க்கரை 6 சதவீதம். உப்புல சுமார் 40 சதவீதம் சோடியம், அதனால லிட்டருக்கு சுமார் 590 மில்லிகிராம். விளையாட்டு பானத்துக்குச் சொல்லப்படுற 460 - 690 ரேஞ்சுக்குள்ள கச்சிதமா உக்காருது.

உஷார்: இது வயித்துப்போக்குக்கு மருந்து இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட ஓ.ஆர்.எஸ். ஃபார்முலாவுல லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். சர்க்கரை நாலுல ஒரு பங்குக்கும் குறைவு, உப்பு ரெண்டு மடங்குக்குப் பக்கம். அதுக்கு மெடிக்கல் ஷாப் பாக்கெட்தான்.

சரக்கு 68 பைசா, மிச்சம்?

சர்க்கரை கிலோ 45 ரூபாய்னு வெச்சுக்குவோம். 250 மி.லி. பாட்டிலுக்கு 15 கிராம், அதாவது 68 பைசா. உப்பு கணக்குலேயே வராது. 'அடேயப்பா, 20 ரூபாய்க்கு வித்தா 19 ரூபாய் லாபம்!'னு குதிக்காதீங்க.

முதல் வெட்டு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து காஃபின் கலந்த பானங்களுக்கு வரி 40 சதவீதம். 20 ரூபாய் பாட்டில்ல 5 ரூபாய் 71 பைசா அங்கேயே போயிடும். கேஸ் இல்லாத பழச்சாறு பானத்துக்கு 5 சதவீதம்தான், வெறும் 95 பைசா. ஒரே விலை, ஒரே கடை, ஒரே ஃப்ரிட்ஜ். உள்ளே என்ன இருக்குங்கிறதை வெச்சு பாட்டிலுக்கு 4 ரூபாய் 76 பைசா வித்தியாசம்! உங்க ரெசிப்பி எந்தப் பட்டியல்ல வரும்னு ரெசிப்பியை முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க.

அடுத்து கடைக்காரர் கமிஷன், டிஸ்ட்ரிபியூட்டர் கமிஷன். ரெண்டும் சேர்த்து 5 ரூபாய்னு வெச்சா, 40 சதவீத வரி பானத்துல மிஞ்சுறது 9 ரூபாய் 29 பைசா. பாட்டில், மூடி, லேபிள், லேப் டெஸ்ட், டீசல், உடைஞ்சது, காலாவதி ஆனது எல்லாம் அதுக்குள்ளதான்.

'நம்ம ஊரு பானகத்தையே பாட்டில்ல போட்டுட்டா?' சூப்பர் ஐடியா. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்புன்னு கோயில் திருவிழா பந்தல்ல நம்ம பாட்டிங்க கலக்கிக் கொடுக்கிறது கிட்டத்தட்ட ஸ்போர்ட்ஸ் டிரிங்க்தான். ஆனா பந்தல்ல ஒரு மணி நேரத்துல காலியாகுற பானகம் கடை ஷெல்ஃப்ல ஆறு மாசம் நிக்கணும். சும்மா விட்டா புளிச்சுப் பொங்கி மூடியைத் தெறிக்க வெச்சுடும். புளிப்புத்தன்மையை பி.ஹெச். 4.6-க்குக் கீழே வெச்சு, சூடாக்கி, சூட்டோடவே அடைக்கணும். அந்தச் சூட்டுக்கு சாதாரண பெட் பாட்டில் நெளிஞ்சுடும், அதுக்குன்னு தனி பாட்டில் வேணும். வெல்லம் வேற மண்டைக்கு மண்டை நிறம் மாறும், ஈரம் மாறும். ஒவ்வொரு பேட்சுக்கும் சோடியத்தை அளந்தே ஆகணும். இளநீரும் இப்படித்தான். பொட்டாசியம் தாராளம், ஆனா வியர்வையில அதிகம் போறது சோடியம். உப்பு சேர்க்காம 'முழு ஸ்போர்ட்ஸ் டிரிங்க்'னு சொல்ல முடியாது.

காலேஜ் பட்ஜெட்டுக்கு ஒரு குறுக்கு வழி, பொடி. பானத்துல பெரும்பங்கு தண்ணிதான். தண்ணியை ஏன் லாரியில ஏத்தி ஊர் ஊரா சுத்தணும்? ஒரு சாஷே, அவங்க பாட்டில், அவங்க தண்ணி. பாட்டில் செலவும் இல்ல, அடைக்கிற மெஷினும் வேண்டாம். ஈரம் புகாத பாக்கெட் மட்டும் அவசியம், இல்லேன்னா வெல்லப்பொடி கல்லா மாறிடும். ரெட் புல் பாணியில சொந்த ஃபேக்டரி இல்லாம, லைசென்ஸ் இருக்கிற கோ-பேக்கர்கிட்ட கொடுத்தும் தயாரிக்கலாம். ஆனா விக்கிற முதல் பாக்கெட்டுக்கு முன்னாடியே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதி கையில இருக்கணும். ஃபெஸ்ட் ஸ்டால்தானேன்னு சலுகை எல்லாம் கிடையாது.

லேபிள்ல கபடி ஆடாதீங்க

2015-ல காஃபினையும் ஜின்செங்கையும் ஒண்ணாக் கலந்த எனர்ஜி டிரிங்குகளை, 'இந்தக் கூட்டணிக்கு அறிவியல் நியாயம் இல்ல'ன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சந்தையில இருந்து திரும்ப எடுக்கச் சொல்லிச்சு. லிஸ்ட்ல மான்ஸ்டர் மாதிரி உலக பிராண்டும் இருந்துது, ட்ஸிங்கா மாதிரி இந்திய பிராண்டும் இருந்துது. ட்ஸிங்காவை ஆரம்பிச்ச ஹெக்டர் பெவரேஜஸ் அதுக்குள்ள 2013-லேயே இன்னொரு குதிரையை இறக்கியிருந்துச்சு. ஆம் பன்னா, ஜல்ஜீரான்னு வீட்டுப் பானங்களைப் பவுச்ல அடைச்ச 'பேப்பர் போட்'. எனர்ஜி டிரிங்கோட வந்த கம்பெனி, பாட்டி கைப்பக்குவத்தால நின்னுது!

2025 அக்டோபர்ல இன்னொரு அடி. சர்க்கரை தூக்கலா இருக்கிற பானங்களோட பேர்ல 'ஓ.ஆர்.எஸ்.'ங்கிற எழுத்தைப் போடக் கூடாதுன்னு ஆணையம் உத்தரவு போட்டுது. மருந்துன்னு நம்பி குழந்தைகளுக்குக் கொடுக்கிறாங்களேன்னு ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக் கணக்கா நடத்தின போராட்டத்துக்குக் கிடைச்ச வெற்றி அது. பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சு விக்கிறவங்களுக்கு ஒரு நாள் விசில் விழும்.

ஒரு மடக்கு... நாலு வருஷம்!

இனி சொல்லப் போறதுதான் இந்தக் கட்டுரையோட வெயிட்டான மேட்டர்.

விளையாட்டு வீரரோட உடம்புல தடை செஞ்ச பொருள் இருந்தா, அது எப்படி வந்துச்சுங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் பொறுப்பு வீரருக்குத்தான். 'ஃப்ரெண்ட் கொடுத்தான்', 'லேபிள்ல போடல'ன்னா தண்டனை குறையலாம், கறை போகாது. காஃபினை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2004 ஜனவரியிலேயே தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுச்சு. பிரச்னை அதோட பங்காளிகள்கிட்ட. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குக் கொஞ்சம் முன்னாடி நம்ம நாட்டு வீரர்கள் சிலர் 'மெத்தில்ஹெக்ஸேன்அமைன்'ங்கிற ஊக்கப் பொருளுக்காக மாட்டினாங்க. எக்சர்சைஸுக்கு முன்னாடி எடுக்கிற பொடிகள்ல கலந்து வித்துட்டிருந்த சமாச்சாரம் அது. 2012 லண்டன் மராத்தான்ல அந்தப் பொருள் இருந்த பொடியைத் தண்ணியில கலந்து குடிச்சிட்டு ஓடின 30 வயசுப் பெண், எல்லைக்கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி சுருண்டு விழுந்து இறந்து போனாங்க. மரணத்துக்கு அதுவும் ஒரு காரணம்னு விசாரணையில பதிவாச்சு.

2010 ஆசியப் போட்டியில 4x400 மீட்டர் ரிலேயில தங்கம் ஜெயிச்ச பெண்கள்ல மூணு பேர் 2011-ல ஸ்டீராய்டு சோதனையில சிக்கினாங்க. கோச் கொடுத்த ஜின்செங்ல இருந்து வந்துச்சுன்னு வாதாடினாங்க. முதல்ல ஒரு வருஷத் தடை. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல அதை ரெண்டு வருஷமாக்கிச்சு.

இப்ப நம்ம ஹாஸ்டல் ரூம் கம்பெனிக்கு வாங்க. நீங்க பொடி கலக்கிக் கொடுத்த கோ-பேக்கரோட மெஷின்ல முந்தின நாள் ஏதோ ஜிம் பொடி ஓடியிருக்கு. சரியாக் கழுவல. துளியூண்டு உங்க சாஷேயில ஒட்டிக்குது. அதைக் குடிக்கிறது யாரு? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கும்னு வீடே காத்துட்டிருக்கிற நம்ம கிளாஸ்மேட். மாட்டினா தடை நாலு வருஷம் வரைக்கும் போகலாம். முழுசா ஒரு பி.இ. படிக்கிற காலம்! ஸ்டார்ட்-அப் தோத்தா நமக்கு ஒரு வருஷம் போகும். அவங்களுக்குப் போறது ஆட்டமே.

அதனாலதான் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' மாதிரி சான்றிதழ்கள் இருக்கு. ஒவ்வொரு பேட்சையும் தடைப் பட்டியல் பொருட்களுக்காகச் சோதிச்சு, பேட்ச் நம்பரை வெளியில போடுவாங்க. செலவு ஆகும்தான். ஆனா யோசிங்க. சர்க்கரையும் உப்பும் யாரும் கலக்கலாம், பேரும் சிறுத்தையும் யாரும் வரையலாம். 'இந்த பாக்கெட்ல என்ன இருக்குன்னு எழுதியிருக்கோமோ அது மட்டும்தான் இருக்கு, இதோ டெஸ்ட் ரிப்போர்ட்'னு ஒரு கோச் கையில கொடுக்க முடிஞ்சா அதுதான் காப்பி அடிக்க முடியாத ஐட்டம். காஃபினை விட்டுட்டு, பொருட்களைச் சுருக்கி, அஞ்சே அஞ்சு வரியில லேபிள் எழுதினா சோதனையும் சுலபம், வரி பத்தின கேள்வியும் சுலபம்.

திங்கட்கிழமை என்ன பண்ணலாம்?

லோகோவை ஓரமா வைங்க. முதல்ல ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்குங்க. ஃபிசிக்கல் டைரக்டர் சார்கிட்ட அனுமதி கேட்டு, பதினெட்டு வயசு முடிஞ்ச, சம்மதிக்கிற பிளேயர்ஸை மட்டும் வெச்சு பிராக்டீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வியர்வை. நடுவுல குடிச்ச தண்ணியையும் கணக்குல சேர்க்க மறக்காதீங்க. ரெண்டு வாரம் எடுத்தா உங்க காலேஜ் கிரவுண்டோட சொந்த டேட்டா கையில இருக்கும்.

அடுத்து சோதனை. ஒரே மாதிரி ரெண்டு பாட்டில். ஒண்ணுல உங்க பானம், இன்னொண்ணுல அதே நிறம், அதே புளிப்பு, ஆனா உப்பும் சர்க்கரையும் இல்லாத தண்ணி. எதுல எதுன்னு நிரப்பின ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியணும், குடிக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது, ஸ்டாப் வாட்ச் பிடிக்கிற உங்களுக்கும் தெரியக் கூடாது. அடுத்த வாரம் பாட்டிலை மாத்திக் கொடுங்க. அதே நேரம், அதே கிரவுண்டு, அதே ஓட்டம். வித்தியாசம் வந்தா அது பானத்தோட வேலை. ரெண்டுக்குமே 'ஜிவ்வுனு இருந்துச்சு'ன்னா அது லேபிளோட வேலை!

வித்தியாசம் வரலைன்னாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல. சர்க்கரை மூணு ரூபாய், எலுமிச்சம்பழம் ஒண்ணு, அவ்ளோதான் போச்சு. ஆயிரம் பாட்டில் பிரின்ட் அடிச்சுட்டு அப்புறம் தெரிஞ்சுக்கிறதுக்கு இது எவ்ளோ தேவலாம்!

அடுத்த தடவை ஜட்ஜ் அந்தக் கேள்வியைக் கேட்டா, "சார், எங்க டீம்ல பதினோரு பேர், பிராக்டீஸ்ல ஆளுக்கு இவ்ளோ எடை குறையுது, இதைக் குடிச்சா இவ்ளோ மிச்சமாகுது, பேட்ச் ரிப்போர்ட் இது"ன்னு ஒரே ஒரு ஸ்லைடு போடுங்க. சிறுத்தை படம் வேணும்னா கடைசியில வெச்சுக்கலாம்!